தராசுக்காரர் கதை யாருடையது?

கேள்வி: வணக்கம் சேர். நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கோட்டையில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை. நாலு வருடமாக ஒரு இலவசத் தளத்தில், புனைபெயரில் வலைப்பூ எழுதி வருகிறேன். புறக்கோட்டையின் பழைய கடைகள், அங்கே தொழில் செய்கிறவர்கள் பற்றித்தான் பெரும்பாலும். போன மாதம் தராசு திருத்தும் ஒரு பெரியவரைப் பற்றி எழுதினேன். மூன்று சனிக்கிழமை அவர் பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியது. இரண்டே நாளில் ஒரு செய்தித் தளம் அதை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டது. என் கதையைத் திருடிவிட்டார்கள். என் பெயர் இல்லை, நான் எடுத்த படங்களில் அவர்களுடைய முத்திரை. பிறகு தமிழ்நாட்டில் இருந்து நடத்தும் ஒரு யூடியூப் சனல் அதையே வாசித்து வீடியோ ஆக்கிவிட்டது. தளத்துக்கு எழுதிக் கேட்டதற்கு, "இணையத்தில் போட்டால் பொதுச் சொத்துத்தானே, உங்களுக்கும் விளம்பரம்" என்று பதில் வந்தது. இதற்கிடையில் ஒரு நிறுவனம் தங்கள் செயலிக்கு மாதம் எட்டுக் கட்டுரை கேட்டு ஆங்கிலத்தில் ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. நான் பதிப்புரிமையைப் பதிவு செய்ய வேண்டுமா? அலுவலகத்துக்கு நான் எழுதுவது தெரியவும் கூடாது. உண்மையைச் சொல்கிறேன், ஆரம்பத்தில் சில பதிவுகளுக்குக் கூகுளில் இருந்து படம் எடுத்தேன். இரண்டு பதிவுகள் ஆங்கிலக் கட்டுரைகளின் மொழிபெயர்ப்பு. என்ன செய்யலாம்?
— வாசகி, கொழும்பு 06

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

புதுக்கடை நீதிமன்றப் பக்கம் சட்டத்தரணியாக இத்தனை வருடம் இருந்ததில் ஒன்று பழகிவிட்டது. வருகிறவர்கள் தங்கள் வழக்கின் ஓட்டையை எழும்பிப் போகும்போதுதான் சொல்வார்கள், கதவில் கை வைத்தபடி. உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரியும் அந்த ரகம். அதற்கு வருகிறேன். சொன்னதே நல்லது.

முதலில் பதிவு. வேண்டாம். இலங்கையில் பதிப்புரிமைக்குப் பதிவேடே கிடையாது. கொழும்பு 10இல், டி.ஆர். விஜேவர்தன மாவத்தையில் இருக்கும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறி பதியலாம், கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கலாம், கைத்தொழில் வடிவமைப்பைப் பதியலாம். கட்டுரையைப் பதிய வரிசையில் நிற்கத் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் சொந்தமாக ஒன்றை எழுதிய கணமே உரிமை உங்களுடையது. வட்டத்துக்குள் 'சி' போடாவிட்டாலும் உங்களுடையதுதான். போட்டால் நல்லது, அவ்வளவே. கட்டுரையை அச்சடித்துத் தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, உறையை உடைக்காமல் அலுமாரியில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். தபால் திணைக்களத்துக்கு வருமானம், வேறு பெரிய பலன் இல்லை.

"பொதுச் சொத்து" என்று எழுதியவருக்கு ஒரு திகதி சொல்லலாம். உங்கள் எழுத்து பொதுவுக்கு வருவது நீங்கள் இறந்து 70 வருடம் கழித்து; புனைபெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று தெரியாமலே போனால், முதலில் வெளிவந்ததில் இருந்து 70 வருடம் கழித்து. அதுவரை அவர் காத்திருக்கட்டும். நீங்களும் நீண்ட நாள் இருங்கள்.

ஆனால் "என் கதையைத் திருடிவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தராசுக்காரர் உங்கள் சொத்து அல்ல. நாளைக்கே இன்னொருவர் அதே ஒழுங்கைக்குப் போய், அதே பெரியவரிடம் பேசி, தன் பாட்டில் ஒரு கட்டுரை எழுதினால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது. "அழிந்துவரும் தொழில்கள் என்ற தொடர் என்னுடைய யோசனை" என்றாலும் சட்டம் கேட்காது. யோசனை, வெறும் தரவு, அன்றாடச் செய்தி எதற்கும் பதிப்புரிமை இல்லை என்று சட்டமே சொல்கிறது. இரும்புப் படிக்கல்லின் அடியில் குழி இருக்கும், எடை சரிபார்க்க அதில் ஈயம் ஊற்றியிருப்பார்கள் என்பது யாருக்கும் சொந்தமில்லாத தகவல். நீங்கள் எழுதியது இது: "படிக்கல்லைக் காதடியில் பிடித்து விரலால் சுண்டுகிறார். ஈயம் கழன்றிருந்தால் சத்தம் பொய் சொல்லாது என்கிறார்." இது உங்களுடையது. கண்ட விதம், சொன்ன விதம், எதை முதலில் சொல்லி எதைக் கடைசிக்கு வைத்தீர்கள் என்ற அடுக்கு, படம் எடுத்த கோணம், இவைதான் சொத்து. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். மாசிச் சம்பலுக்கு என்னென்ன சாமான் என்ற பட்டியல் யாருக்கும் சொந்தமில்லை. அம்மம்மா அதை இடித்த கதை உங்களுடையது.

அந்தத் தளம் "நாங்கள் செய்திதான் போட்டோம்" என்று நாளை சொல்லக்கூடும். அன்றாடச் செய்திக்கு உரிமை இல்லை என்பது உண்மை. மூன்று சனிக்கிழமை இருந்து எழுதிய கட்டுரை அன்றாடச் செய்தி ஆகாது. விமர்சிக்கவோ செய்தி சொல்லவோ ஒரு பகுதியை எடுத்து, பெயரும் போட்டிருந்தால் 'நியாயமான பயன்பாடு' என்று வாதாடலாம். முழுவதையும் எடுத்து, பெயரை வெட்டி, படத்தில் முத்திரையும் குத்திவிட்டு அந்தப் பக்கம் போக முடியாது.

இனி, நீங்கள் அனுப்பிய இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றாவது பந்தியில் 'தராசு' என்பதை 'தாரசு' என்று தட்டியிருக்கிறீர்கள். அவர்களுடைய பக்கத்திலும், அதே பந்தியில், 'தாரசு'. இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வெட்கப்பட்டு உடனே திருத்திவிடாதீர்கள்!

சாட்சி என்றேன். உரிமை தானாக வரும், சாட்சி தானாக வராது. சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு மாலையை இதற்கு ஒதுக்குங்கள். அவர்களுடைய பக்கத்தை முகவரியும் திகதியும் தெரியும்படி முழுதாகப் படம் பிடியுங்கள். பிறகு இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் பக்கம், அவர்கள் பக்கம் இரண்டையும் சேமியுங்கள். அது மூன்றாம் ஆள் வைத்திருக்கும் பிரதி. நாளை அவர்கள் அழித்துவிட்டு "நாங்கள் போடவே இல்லை" என்று சொன்னால் உதவும். போனில் உள்ள மூலப் படங்களைத் தொடாதீர்கள். வெட்டாத படம், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த சரியாக வராத படங்கள், எல்லாம் இருக்கட்டும். மங்கலாக விழுந்த அந்த ஐந்தாறு படங்கள் திருடியவரிடம் இருக்காது. குறிப்புக் கொப்பி, பெரியவரின் குரல் பதிவு, முதல் வரைவு, இவையும் அப்படியே. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு, "இதெல்லாம் கம்பியூட்டரில் உள்ளது, செல்லாது" என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

குரல் பதிவு என்றதும் ஒன்று. பெரியவரிடம் அனுமதி கேட்டீர்களா? சட்டம் உரை, சொற்பொழிவு போன்ற வாய்மொழிப் படைப்புகளையும் காக்கிறது. அவர் சொன்னதை நீளமாக அவர் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை பதிவைத் தொடங்கும்போதே, "ஐயா, இதை என் வலைப்பூவில் எழுதப் போகிறேன், படமும் போடுவேன், சம்மதமா?" என்று கேட்டு, அவர் "ஓம்" என்பதும் பதிவாகட்டும். பத்து விநாடி வேலை.

புனைபெயர் விஷயம் கொஞ்சம் சிக்கல். ஒரு படைப்பில் ஆசிரியர் என்று யார் பெயர் வழக்கமான முறையில் இருக்கிறதோ, மறுப்பு நிரூபிக்கப்படும் வரை அவரே ஆசிரியர் என்று சட்டம் கொள்ளும். புனைபெயரும் செல்லும், ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் யார் என்பதில் சந்தேகம் இருக்கக்கூடாது. நீங்களோ சந்தேகம் இருக்க வேண்டும் என்றே பார்த்துக்கொள்கிறீர்கள். வெளியே தெரிய வேண்டியதில்லை. ஆனால் யாராவது ஒருவரிடம் எழுத்தில் இருக்கட்டும். இந்தப் புனைபெயரில் எழுதுவது நான்தான், கணக்கு இந்த மின்னஞ்சலில் திறந்தது என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து உங்கள் சட்டத்தரணியிடம் வையுங்கள்.

இது ஏன் முக்கியம் என்றால், அடுத்த படியில் பெயர் கேட்பார்கள். செய்தித் தளத்துக்கு முதலில் மரியாதையாக ஒரு கடிதம், ஏழு நாள் தவணை: பெயரைப் போட்டு என் பக்கத்துக்கு இணைப்புக் கொடு, அல்லது எடு. மறுத்தால், தளம் எந்த நிறுவனத்தின் சேர்வரில் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க நிறுவனம் என்றால் அந்நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஎம்சிஏ (டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமை) சட்டப்படி நீக்கல் அறிவித்தல் அனுப்பலாம். கூகுள் தேடலுக்கும் யூடியூபுக்கும் அதற்கென்றே படிவம் இருக்கிறது. உங்கள் மூலப் பக்கம் எது, நகல் எது, நான் உரிமையாளர், சொல்வது உண்மை என்று கையொப்பம், இவ்வளவுதான். ஆனால் அதில் போடும் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகும். கூகுளுக்கு அனுப்பும் அறிவித்தல்கள் லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்துக்கும் போகின்றன. ஆகவே நீங்களே அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். உங்கள் சார்பில் அதிகாரம் பெற்ற ஒருவர் அனுப்பலாம். சட்டத்தரணி அனுப்பட்டும். எதிர்த்தரப்பு மறுப்பு அறிவித்தல் கொடுத்தால், நீங்கள் வழக்குப் போடாதவரை 10 முதல் 14 வேலைநாளில் பக்கம் திரும்பி வந்துவிடும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். ஒரு எழுத்தைக் கூட எழுதாத ஆட்கள் பொதுவாக அவ்வளவு தூரம் வருவதில்லை.

யூடியூப் சனல் எளிது. வேறு நாடு என்று யோசிக்க வேண்டாம். ஒரு நாட்டின் படைப்பை மற்ற நாடுகளும் காக்க வேண்டும் என்னும் பேர்ன் உடன்படிக்கையில் இந்தியா 1928இல் சேர்ந்தது, இலங்கை 1959இல். உங்கள் எழுத்துக்கு அங்கேயும் காப்பு உண்டு. வாசித்தால் மட்டும் புதுப் படைப்பு ஆகிவிடாது. 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை விழுந்தால் சனலே போய்விடும் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

வழக்கா? வேண்டுமென்றே உரிமையை மீறியவருக்கு நீதவான் நீதிமன்றத்தில் 5 லட்சம் ரூபா வரை தண்டம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. கடிதத்தில் அந்த வரியைச் சேர்க்கலாம். நட்டஈடு கேட்டு வர்த்தக மேல் நீதிமன்றம் போகலாம். புலமைச் சொத்து அலுவலகத்தின் பணிப்பாளர் நாயகத்திடம் விண்ணப்பித்து விசாரணை கேட்கவும் வழி உண்டு. ஆனால் ஒரு கட்டுரைக்காக வழக்குப் போடும் செலவையும், நீங்கள் லீவு போட வேண்டிய நாட்களையும் கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு நான் கூட்டிக் காட்டத் தேவையில்லை. தொடர்ந்து எடுக்கிறார்கள், அதில் காசு பார்க்கிறார்கள் என்றால் அப்போது பேசுவோம்.

சரி, கதவில் கை வைத்தபடி சொன்னதற்கு வருவோம்.

கூகுள் படம் வைத்திருக்கும் பெட்டகம் அல்ல, காட்டும் ஜன்னல். அங்கே கண்ட ஒவ்வொரு படத்துக்கும் எங்கேயோ ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அவரைப் பொறுத்தவரை நீங்களும் அந்தச் செய்தித் தளமும் ஒன்றுதான். "நன்றி: கூகுள்" என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அது திருடிய சைக்கிளில் "நன்றி: புறக்கோட்டை" என்று எழுதுவது போல. மொழிபெயர்க்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே. உங்கள் தமிழ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவருடைய அனுமதி வேண்டும். எதிர்த்தரப்பு சட்டத்தரணி நான் என்றால் முதல் வேலையாக அந்த இரண்டு பதிவுகளைத்தான் தேடி எடுப்பேன். இன்று இரவே அவற்றையும் அந்தப் படங்களையும் பொதுப் பார்வையில் இருந்து எடுத்துவிடுங்கள். மூல ஆசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுப் பாருங்கள், பலர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில், அதாவது பிறர் பயன்படுத்த எடுத்தவரே முன்கூட்டி அனுமதி கொடுத்த படம் என்றால் எந்த உரிமம் என்று வாசித்து, எடுத்தவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்தலாம். இல்லையென்றால் உங்கள் போன் இருக்கிறது, புறக்கோட்டை பஸ்ஸில் அரை மணித்தியாலம். (நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இப்போது எல்லாரும் கேட்கிறார்கள்: செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்தால் யாருக்குச் சொந்தம்? எங்கள் சட்டத்தில் ஆசிரியர் என்பவர் படைப்பை ஆக்கிய மனிதர். இயந்திரம் தந்ததை அப்படியே ஒட்டிவிட்டு "என்னுடையது" என்று உரிமை கோரி என்னிடம் வராதீர்கள்.)

ஒப்பந்தம். இதில்தான் எனக்கு உண்மையான பயம். செய்தித் தளம் எடுத்தது ஒரு கட்டுரை. இந்த ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் எல்லாவற்றையும் எடுக்கிறது. அந்த வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி: எழுத்தாளர் இதற்காக ஆக்கியவையும், இந்த விஷயம் தொடர்பாக முன்னர் ஆக்கியவையும், உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இன்றுள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும் நிறுவனத்துக்குப் பாரதீனப்படுத்தப்படுகின்றன, அதாவது உரிமையே கைமாறுகிறது. "முன்னர் ஆக்கியவையும்" என்ற இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். நாலு வருட வலைப்பூ அந்த இரண்டு சொல்லுக்குள் போய்விட்டது. தராசுக்காரரும் போய்விட்டார்.

வீட்டை வாடகைக்குக் கொடுப்பதும் உறுதி முடித்து விற்றுவிடுவதும் ஒன்றா? உரிமம் கொடுப்பது வாடகை, உரிமையைப் பாரதீனப்படுத்துவது உறுதி. அவர்களுக்குத் தேவை முதலில் வெளியிடும் சலுகைதான். அதை உரிமமாகக் கொடுங்கள். இத்தனை நாளுக்கு உங்கள் செயலியில் மட்டும், பிறகு நான் என் வலைப்பூவிலும் புத்தகத்திலும் போடுவேன், உரிமை என்னிடமே. 90 நாள் என்று கேட்டுப் பாருங்கள், 180 வரை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. எங்கள் சட்டத்தில் பாரதீனமோ உரிமமோ இரு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்தில் இருக்க வேண்டும். ஆகவே போனில் "ஓம் ஓம்" என்றதை வைத்து யாரும் உங்களிடம் இருந்து பறிக்க முடியாது. கையொப்பம் வைத்த பிறகு நானும் மீட்டுத் தர முடியாது.

அதே பக்கத்தின் அடியில் இன்னொரு வரி, 'தார்மிக உரிமைகளைக் கைவிடுகிறேன்' என்று. படைப்பில் என் பெயர் வர வேண்டும், என் பெயர் கெடும்படி அதைச் சிதைக்கக்கூடாது என்று கேட்பதுதான் தார்மிக உரிமை. பொருளாதார உரிமையை விற்றாலும் இது உங்களிடமே இருக்கும், உயிரோடு உள்ளவரை இன்னொருவருக்கு மாற்றவும் முடியாது. நீங்களே எழுத்தில் கைவிட்டால் மட்டுமே போகும். அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். வெட்டாவிட்டால் அந்த வேலை வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். காசு தேவை என்றால் வேறு கதை, அது உங்கள் வீட்டுக் கணக்கு.

ஒருவேளை "வேலைக்கே வாருங்கள், சம்பளம், ஊழியர் சேமலாப நிதி எல்லாம் உண்டு" என்று அழைத்தால் விதி மாறும். வேலையின் போக்கில் ஊழியர் எழுதியதன் பொருளாதார உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே. இப்போதைய கம்பனியின் நியமனக் கடிதத்தையும் எடுத்து ஒருதரம் வாசியுங்கள். கணக்கெழுதும் வேலைக்கும் வலைப்பூவுக்கும் தொடர்பில்லை. என்றாலும் அலுவலக லப்டொப்பில், அலுவலக நேரத்தில் எழுத வேண்டாம்.

எனக்கு ஏன் இந்த விஷயத்தில் இவ்வளவு கடுப்பு என்று கேட்டால், சட்டக் கல்லூரியில் படிக்கும்போது ஒரு வாரப் பத்திரிகைக்குச் சட்டக் குறிப்பு எழுதினேன். 1979ஆம் ஆண்டின் 52ஆம் இலக்கச் சட்டக்கோவை நடைமுறையில் இருந்த காலம். கையால் எழுதி, பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிரதி வைக்கவில்லை, பத்திரிகையையும் ஒழுங்காகச் சேர்க்கவில்லை. பிறகு அவை புத்தகமாக வந்தன, ஆசிரியர் குழு என்ற பெயரில். புத்தகத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். பதிப்புரிமைச் சட்டம் படித்துக்கொண்டிருந்த எனக்கு, அதை நான்தான் எழுதினேன் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதனால் கடைசியாக வீட்டு வேலை. இலவசத் தளத்தில் எழுதுவதில் பிழையில்லை, ஆனால் அது வாடகை அறை. யாகூ 2009இல் ஜியோசிட்டீஸை மூடியபோதும், கூகுள் 2019இல் கூகுள் பிளஸை மூடியபோதும் எத்தனையோ பேர் எழுதியது போனது. உங்கள் தளம் பிளாக்கர் என்றால், அமைப்புகளுக்குள் போய்ப் பதிவுகளை ஒரே கோப்பாக இறக்கலாம். மாதம் ஒருமுறை செய்யுங்கள். ஆனால் அந்தக் கோப்பை மட்டும் நம்பாதீர்கள், அதில் படங்கள் வராமல் போகலாம். பலர் அதை இழந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். படங்களைத் தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். சொந்த டொமைன், அதாவது உங்கள் பெயரிலேயே ஒரு இணைய முகவரி, ஒன்று வாங்குங்கள். டொட் எல்கே வாங்கலாம், 'டொட் இலங்கை' என்று தமிழிலேயே வாங்கவும் முடியும். யாரிடம் வாங்கினாலும் உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர், உங்கள் மின்னஞ்சல். உதவி செய்கிற தம்பியின் மின்னஞ்சலில் பதிந்துவிட்டு, தம்பி கனடா போன பிறகு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

வலது சொடுக்கை முடக்கிப் பிரதி எடுக்க விடாமல் செய்யும் வித்தை எல்லாம் வேண்டாம். திருடுகிறவன் திரையைப் படம் பிடிப்பான். கண் தெரியாத வாசகர்தான் சில நேரம் சிரமப்படுவார்.

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் வெட்ட வேண்டியதைச் சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கும் எழுதுங்கள். செய்தித் தளத்தின் ஏழு நாள் முடியும்வரை அந்த 'தாரசு' அப்படியே இருக்கட்டும்.